புதுப்பிப்பு: ஸ்னோஃப்ளேக் நீட்சி பற்றிப் பலரும் கேட்டது

டோர் (யார் என்று காட்டாமல் இணையத்தில் உலவ உதவும் வலையமைப்பு) தடுக்கப்பட்ட நாடுகளில் இருப்பவர்களுக்கு நம் பிரவுசரையே வழியாகத் திறந்துவிடும் ஸ்னோஃப்ளேக் என்ற பிரவுசர் நீட்சி (extension) பற்றி முன்பு எழுதியிருந்தேன். "யாரோ எதையோ பார்த்தால் பழி என் ஐபி முகவரி மேல் விழாதா?" என்று பலர் கேட்டீர்கள்.

விழாது. நம் கணினி வெறும் நுழைவாயில். அங்கிருந்து ஸ்னோஃப்ளேக் பாலம் என்ற சர்வர், அப்புறம் டோரின் மற்ற கணுக்கள் (இடைக் கணினிகள்). இணையதளத்துக்குத் தெரிவது கடைசிக் கணுவின் முகவரிதான். எல்லாம் குறியாக்கத்தில் போவதால் அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று நமக்கும் தெரியாது. தணிக்கைக்காரர் கண்ணுக்கு இது வீடியோ அழைப்பு மாதிரி இருக்கும். 2022 செப்டம்பரில் ஈரானில் போராட்டம் வெடித்தபோது இதன் பயன்பாடு மளமளவென்று ஏறியது. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

நிறுவியவர்கள் ஐகானை அழுத்தினால், கடந்த 24 மணி நேரத்தில் எத்தனை பேருக்கு உதவியது என்று காட்டும். மொபைல் டேட்டாவில் இருந்தால் மட்டும் அணைத்து வையுங்கள். கழிவது உங்கள் டேட்டா.