வெளிநாட்டில் பெரிய பைக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குவது சரியான வழியா?

நெடும்பயணி:

வணக்கம் நண்பர்களே. பத்து வருடமாக ஒரே 350 சிசி பைக்தான் ஓட்டுகிறேன். அடுத்தது பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் வாங்கலாம் என்று மூன்று வருடமாக மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஷோரூமில் உட்கார்ந்து பார்த்தேன். இருபது நிமிடம் நேர் சாலையில் ஓட்டியும் பார்த்தேன், பிரமாதமாக இருந்தது. ஆனால் அந்த இருபது நிமிடத்தை நம்பி இவ்வளவு பெரிய முடிவை எடுக்கத் தயக்கமாக இருக்கிறது. என் உயரம் 5 அடி 5 அங்குலம்.

செப்டம்பரில் நானும் மனைவியும் இத்தாலி போகிறோம். அங்கே ஆறு நாள் இதே மாடலை வாடகைக்கு எடுத்து, ஆல்ப்ஸ் மலைப் பக்கம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று யோசனை. ஆறு நாள் போதுமா? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? இப்படிச் செய்து வாங்கியவர்கள், வாங்காமல் விட்டவர்கள் இரண்டு பேருமே சொல்லுங்கள்.

சாலையோரம்:

நான் வாங்காமல் விட்டவன். அதே பைக், கிட்டத்தட்ட அதே சாலைகள். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு இதை முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை.

முதல் இரண்டு நாள் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. முழு டேங்க் பெட்ரோலோடு 249 கிலோ எடை. நகர ஆரம்பித்ததும் அந்த எடை எங்கே போனது என்றே தெரியாது. சிலிண்டர்கள் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாகக் கீழே படுத்திருப்பதால் கனம் தாழ்வாக நிற்கிறது. பிரேக் பிடித்தால் முன்பக்கம் தலைகுத்துவதில்லை. மழை வந்தபோது ரெயின் மோடுக்கு மாற்றிக்கொண்டு நிம்மதியாக ஓட்டினேன். பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி ஒருமுறைகூட இடுப்பு வலி என்று சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலையில் விடுதி வாசலில் கீழே போட்டேன். ஓட்டும்போது இல்லை, நின்றபடி. முந்தின நாள் இரவு சரளைக்கல் பரப்பில், லேசான சரிவில், முன்சக்கரம் கீழ்நோக்கி இருக்கும்படி நிறுத்திவிட்டேன். பைக்கில் மாட்டியிருந்த பெட்டிகள் மூன்றும் நிறைய சாமான். காலையில் பின்னோக்கி இழுக்க வேண்டியிருந்தது. சீட்டின் தாழ்ந்த நிலையே 850 மி.மீ. உயரம். என் கால் நுனிதான் தரையைத் தொட்டது, அதுவும் கல்லில் வழுக்கியது. ஒரு கட்டத்துக்கு மேல் சாய்ந்துவிட்டால் பிடித்து நிறுத்தவே முடியாது, மெதுவாகக் கீழே போவதைப் பார்க்கத்தான் முடியும். அடி எதுவும் படவில்லை. சிலிண்டர் பாதுகாப்புக் கம்பி தாங்கிக்கொண்டது. வழியில் போன ஒருவர் கைகொடுக்க, இரண்டு பேராகத் தூக்கினோம். ஆனால் அன்றைக்கு முழுக்க எங்கே நிறுத்துவது என்ற கவலையிலேயே ஓட்டினேன். நல்ல காட்சி வந்தாலும் ஓரத்தில் சரிவு இருந்தால் நிறுத்தாமல் போய்விட்டேன். இப்போது நினைத்தாலும் அதுதான் வருத்தம்.

அடுத்த நாள் ஸ்டெல்வியோ கணவாய். 2,757 மீட்டர் உயரம். பிராட்டோ ஊர்ப் பக்கத்திலிருந்து ஏறினால் 48 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கும். அங்கே வலதுபுறம் ஓட்ட வேண்டும் என்பதால் வலது வளைவுகள்தான் ரொம்பக் குறுகல். முதல் கியரில் வண்டி குதித்தது. இரண்டாம் கியரில் க்ளட்சைப் பாதி பிடித்து, பின்பிரேக்கை லேசாக அழுத்தியபடி, கண்ணை வளைவின் முடிவில் வைத்தால் அழகாகத் திரும்புகிறது. இதைப் புரிந்துகொள்ளவே எனக்குப் பதினைந்து வளைவு ஆனது. என் பழைய பைக்கில் உடம்பைச் சாய்த்தாலே போதும், இங்கே முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது குறை இல்லை. பயிற்சி எடுத்தால் வரும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆறு நாள் போதும். ஆனால் அப்படிப்பட்ட சாலையில், விடுமுறை மனநிலையில் எந்தப் பைக்கும் பிடித்துப்போகும். அதனால் ஊரில் தினமும் என்ன செய்வீர்களோ, அதை அங்கேயும் வேண்டுமென்றே செய்து பாருங்கள். ஒரு நாள் காலை நெரிசல் நேரத்தில் நகரத்துக்குள் போங்கள். இன்ஜின் சூடு தொடையில் எவ்வளவு அடிக்கிறது என்பது குளிர்ந்த மலைச் சாலையில் தெரியவே தெரியாது. பெட்டிகளோடு சென்டர் ஸ்டாண்டு போட்டு எடுங்கள். இறங்கி நின்று கையால் தள்ளி, ஒரு நெருக்கமான இடத்தில் நிறுத்துங்கள். மனைவி பின்னால் இருக்கும்போது குறுகிய சாலையில் யூ டர்ன் எடுங்கள். இரவில் ஒரே ஒரு கேள்வி: இன்று காலை சாவியைக் கையில் எடுத்தபோது ஆசையாக இருந்ததா, பயமாக இருந்ததா? நான் அதை ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். கீழே போட்ட பிறகு ஜிஎஸ் சாவியை எடுத்த காலையில் 'பயம்' என்று இருந்தது.

முக்கியமான இன்னொன்று. ஆறு நாளும் ஒரே பைக் வேண்டாம். எனக்குக் கடைசி இரண்டு நாள் சுசூகி வி-ஸ்ட்ராம் 650 கிடைத்தது. 645 சிசி, சீட் 835 மி.மீ., எடை சுமார் 215 கிலோ. நெடுஞ்சாலையில் ஜிஎஸ் அளவுக்கு உறுதி இல்லை. பின்சீட்டும் அந்த அளவுக்கு இல்லை என்று மனைவி சொன்னார். செயின் வேறு, அடிக்கடி எண்ணெய் போட வேண்டும். ஜிஎஸ்ஸில் செயினுக்குப் பதில் பின்சக்கரத்தைச் சுற்றுவது ஷாஃப்ட் என்ற மூடிய தண்டு என்பதால் அந்த வேலை கிடையாது. இருந்தும் நினைத்த இடத்தில் எல்லாம் நிறுத்தினேன். ஊர் திரும்பியதும் அதே வகை நடுத்தர பைக்கைத்தான் வாங்கினேன். நான்கு வருடம் ஆகிறது.

மழைத்துளி:

ஓட்டுவதைப் பற்றி மேலே சொல்லிவிட்டார்கள், நான் காகிதங்களைப் பற்றி.

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியில் 'ஏ' பிரிவுக்கு முத்திரை இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். அதுதான் மோட்டார் சைக்கிளுக்கு. கார் பிரிவுக்கு மட்டும் முத்திரை இருந்தால் பைக்கைத் தரமாட்டார்கள். தந்தாலும் விபத்து என்றால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி ஒரு வகை, 1968 வியன்னா உடன்படிக்கைப்படி இன்னொரு வகை என்று அந்த அனுமதி இரண்டு விதமாக இருக்கிறது. போகிற நாடு எதை ஏற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஊர் லைசென்ஸின் அசலும் கூடவே இருக்க வேண்டும், அது இல்லாமல் இது செல்லாது.

பயண இன்சூரன்ஸைத் தனியாகப் படியுங்கள். பலவற்றில் 125 சிசிக்கு மேல் ஓட்டினால் மருத்துவச் செலவு கிடைக்காது, கூடுதலாகக் கட்டிச் சேர்க்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில், சேதமானால் நம் கையிலிருந்து எவ்வளவு வரை கட்ட வேண்டும் என்ற தொகையைத் தேடிப் படியுங்கள். டெபாசிட்டாக அதைத்தான் கிரெடிட் கார்டில் பிடித்துவைப்பார்கள்.

வண்டியை வாங்கும்போது வீடியோ எடுங்கள். ஒருமுறை நான் எடுக்கவில்லை. ஏற்கெனவே இருந்த பெட்டிக் கீறலுக்கு என்னிடம் பணம் பிடித்தார்கள். நான் போடாத கீறல் என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. இப்போது டயர், பெட்டியின் அடிப்பக்கம், கிலோமீட்டர் மீட்டர் எல்லாம் கடைக்காரர் பக்கத்தில் நிற்கும்போதே எடுத்துவிடுகிறேன்.

தென்றல்_ரைடர்:

நான் 5 அடி 2 அங்குலம். பெரிய பைக் ஓட்டும் பெண். உயரத்தை விட உள்கால் அளவுதான் முக்கியம் அண்ணா. சுவரில் சாய்ந்து நின்று, தரையிலிருந்து கவட்டை வரை அளந்து, அந்த அளவைச் சொல்லித் தாழ்வான சீட் கிடைக்குமா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். போய் நின்ற பிறகு கேட்டால் கிடைப்பது கஷ்டம். ஓட்டப்போகிற பூட்ஸைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள், தடித்த அடிப்பாகம் கொஞ்சம் உயரம் தரும். இரண்டு காலும் முழுதாக ஊன்ற வேண்டும் என்பதில்லை. நான் ஒரு பக்கமாக நகர்ந்து, ஒரு காலை மட்டும் நன்றாக ஊன்றித்தான் நிறுத்துகிறேன்.

இடதுபுறம் ஓட்டிப் பழகியவர்களுக்கு வலதுபுறம் மறந்துபோவது டிராஃபிக்கில் இல்லை. காலையில் ஆளில்லாத சாலையில், பெட்ரோல் போட்டுவிட்டு வெளியே வரும்போதுதான். உங்கள் மனைவியிடம் சொல்லி வையுங்கள், ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் "வலது" என்று சத்தமாகச் சொல்லட்டும்.

நெடும்பயணி:

எல்லோருக்கும் நன்றி. லைசென்ஸை எடுத்துப் பார்த்தேன், 'ஏ' பிரிவு வாங்கிவிடலாம். உள்கால் அளவு 74 செ.மீ. வந்தது. மூன்று நாள் ஜிஎஸ், மூன்று நாள் நடுத்தர பைக் என்று பிரித்துக்கொள்கிறோம். தாழ்வான சீட் உண்டா என்று இன்றே எழுதிக் கேட்டிருக்கிறேன்.

சாலையோரம் எழுதியதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கும் தனியாக ஒரு நோட்டு வேண்டுமாம். பின்சீட்டின் கணக்கை அவர் எழுதுவார்.