30 விநாடி வைத்தால் வள்ளுவர் மங்கலாகிறார், உதவுங்கள்

கடலோரவாசி: இன்று காலை கன்னியாகுமரி, சூரியன் எழுந்து அரைமணி இருக்கும். பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கிற கறுப்புக் கண்ணாடி) போட்டு 30 விநாடி ஷட்டரைத் திறந்து வைத்தேன். தண்ணீர் பட்டாக வந்திருக்கிறது, வள்ளுவர் சிலை மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்த மாதிரி. ட்ரைபாட் இருந்தது. லென்ஸ் மாற்ற வேண்டுமா? நாளை மதியம் ரயில், அவசரம்.

சோழிக்காரன்: எந்த லென்ஸ்? அப்பர்ச்சர், அதாவது லென்ஸ் துவாரம், எவ்வளவு? மணலா, பாறையா? ஒன்றுமே சொல்லாமல் கேட்டால் எப்படி?

நிழல்72: கை நடுக்கத்தைச் சரிசெய்கிற ஐஎஸ்தான், சந்தேகமே வேண்டாம். ட்ரைபாடில் வைத்தால் அதை அணைத்துவிட வேண்டும்.

பழைய கை: தம்பி, ஃபிலிம் காலத்திலேயே பேசி முடித்த விஷயம் இது. ஃபோகஸ் செய்து மேனுவலுக்கு மாற்றிவிட்டு அப்புறம்தான் ஃபில்டரை மாட்ட வேண்டும். அடிப்படையைப் படித்துவிட்டு வந்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

கடலோரவாசி: அப்படித்தான் செய்தேன் ஐயா. 18-55 கிட் லென்ஸ், 55-இல், எஃப்22, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100. ஐஎஸ் அணைத்திருந்தது. மணல்தான், அலை தொட்டுப் போகிற இடம்.

பழைய கை: எஃப்22! அவ்வளவு சிறிய துவாரத்தில் ஒளி விரிந்து படம் மங்கும், டிஃப்ராக்‌ஷன். நான் நினைத்தேன்.

சோழிக்காரன்: நினைத்தது ஃபோகஸை அல்லவா? எஃப்22 கூர்மையைக் குறைக்கும், ஆனால் இந்த அளவுக்கு அல்ல. சிலையின் வலது கை மூன்று விரல்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். மூன்றாகவே இருந்து மெழுகாகத் தெரிந்தால் ஃபோகஸ். ஆறாகத் தெரிந்தால் அசைவு.

நிழல்72: அது கிடக்கட்டும், மூன்று கடல் சேருகிற இடத்தில் போய்த் தண்ணீரைப் பாயசமாக்குவானேன்? அரை விநாடி வைத்தால் அலை பாறையில் சிதறுவது எவ்வளவு அழகாக வரும்.

பழைய கை: ரசனை இல்லாதவர்கள்தான் அதைப் பாயசம் என்பார்கள்.

நிழல்72: உங்கள் படங்களில் கடலும் மேகமும் ஒரே பாலாடை, அதையும் பார்த்தேன்.

கடலோரவாசி: விரல் ஆறு. தலையும் ரெட்டை.

சோழிக்காரன்: அப்போது மணல்தான். அலை திரும்பும்போது நம் குதிகால் இறங்குமே, ட்ரைபாட் காலும் அப்படியே இறங்கும். தண்ணீர் எப்படியும் கலங்கித்தான் வரும், அதனால் சிலையில் மட்டும் தெரிகிறது. பாறைக்குப் போங்கள், ட்ரைபாடின் நடுத்தண்டை முழுக்க இறக்குங்கள், காற்றில் ஆடுகிற கழுத்துவாரைக் கழற்றுங்கள், 2 விநாடி டைமர். துவாரத்தைப் பெரிதாக்கி எஃப்11 வைத்தால் 30 விநாடி 8 ஆகும், அதுவே தாராளம்.

பழைய கை: எட்டு விநாடிக்குப் பட்டு வராது.

நிழல்72: பாலாடை வராது என்று சொல்லுங்கள்.

கடலோரவாசி: பாறை, எஃப்11, 8 விநாடி. விரல் மூன்று. செருப்பு ஒன்றை அலை கொண்டுபோய்விட்டது. ரயிலில் இருக்கிறேன், நன்றி.