ஐபிஎம் 5150-க்கு எந்த டிஸ்ப்ளே கார்டு? கையில் இருப்பது 5151 பச்சை மானிட்டர்

பழம்பெட்டி:
16–64 கே நினைவக மதர்போர்டு உள்ள 5150 (ஐபிஎம்மின் முதல் பிசி). டிஸ்ப்ளே கார்டு இல்லை. மானிட்டர் ஐபிஎம் 5151. சிஜிஏ (கலர்) கார்டு ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. இரண்டிலும் 9 பின் கனெக்டர்தான். மாட்டலாமா? இல்லை, விஜிஏ (பிற்காலக் கலர்) கார்டு போட்டு எல்சிடிக்குப் போய்விடலாமா?

டிப்சுவிட்ச்:
சிஜிஏவை 5151-இல் செருகவே செருகாதீர்கள். கனெக்டர் ஒன்று, சிக்னல் வேறு. 5151 எம்டிஏவுக்கானது (ஐபிஎம்மின் ஒற்றை நிற, எழுத்து மட்டும் காட்டும் கார்டு). அதன் வரைவு வேகம்: கிடைமட்டம் 18.432 கிலோஹெர்ட்ஸ், செங்குத்து 50 ஹெர்ட்ஸ். சிஜிஏ தருவது 15.7 கிலோஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ். 5151-க்குள் கிடைமட்ட ஆஸிலேட்டர் (தானாக வேகம் தரும் சர்க்யூட்) கிடையாது. கார்டிலிருந்து வரும் சிங்க் (ஒத்திசைவு) துடிப்புதான் அந்த சர்க்யூட்டை நேரடியாக ஓட்டுகிறது. வேகம் மாறினால் அவுட்புட் டிரான்சிஸ்டர் சூடாகி எரியும். போதாக்குறைக்கு 5151 வீடியோவை எதிர்பார்ப்பது 7-ஆம் பின்னில். சிஜிஏவில் அந்தப் பின் சும்மா கிடக்கும். திரையில் ஒன்றும் வராது, "சூடாகட்டும்" என்று காத்திருப்போம், அதற்குள் கதை முடிந்துவிடும்.

எம்டிஏ அல்லது அதோடு ஒத்துப்போகும் ஹெர்குலிஸ் கார்டு வாங்குங்கள். என் ஓட்டு ஹெர்குலிஸுக்கு: எம்டிஏவின் அதே எழுத்துத் தரம், கூடவே 720x348 கிராபிக்ஸ். நகல் கார்டுகள் சிலவற்றில் சிஜிஏ/மோனோ ஜம்பர் இருக்கும். அது மோனோவில் இருப்பதைப் பார்த்த பிறகே கேபிளை மாட்டுங்கள்.

மதர்போர்டில் எஸ்டபிள்யூ1 என்ற குட்டி சுவிட்ச் வரிசையின் 5, 6 சுவிட்சுகள் இரண்டும் ஆஃப் என்றால் எம்டிஏ/ஹெர்குலிஸ். வரிக்கு 80 எழுத்து காட்டும் சிஜிஏவுக்கு 5 ஆன், 6 ஆஃப். இஜிஏ (சிஜிஏவுக்கு அடுத்து வந்த கார்டு), விஜிஏவுக்கு இரண்டும் ஆன். ஒரு நீள பீப், இரண்டு குட்டி பீப் கேட்டால் வீடியோ கோளாறு. முதலில் இந்தச் சுவிட்சுகளைப் பாருங்கள்.

ராம்_ரோம்:
விஜிஏவுக்கு முன் பயாஸைப் (மதர்போர்டு ரோம் சிப்பில் உள்ள தொடக்க நிரல்) பாருங்கள். 1981-இன் இரண்டு பயாஸ்களும் கார்டிலுள்ள ரோமைத் தேடாது. விஜிஏ, இஜிஏ எதுவும் உயிர்பெறாது. 27-10-1982 தேதியிட்ட பயாஸ் வேண்டும். கார்டு இல்லாமலே தெரிந்துகொள்ள மதர்போர்டில் யூ33 என்ற இடத்திலுள்ள பயாஸ் சிப்பின் எண்ணைப் படியுங்கள்: 5700051, 5700671 பழையவை, 1501476 என்றால் சரி. உங்கள் போர்டில் பழையது இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த சாக்கெட்டில் 24 கால். புதிய பயாஸை எழுதும் 2764 ஈப்ராமுக்கு (அழித்து எழுதக்கூடிய ரோம் சிப்) 28 கால் என்பதால் அடாப்டர் தேவை. மோட்டோரோலா எம்சிஎம்68766 கிடைத்தால் நேராக உட்காரும்.

அடுத்து ஸ்லாட். 5150-இல் எல்லாமே 8 பிட். 16 பிட் விஜிஏக்களில் சிலதான் அதில் ஓடும். பல கார்டுகளின் பயாஸில் பிந்தைய 80286 சிபியுவின் கட்டளைகள் இருப்பதால் 5150-இன் 8088 சிபியுவில் தொங்கிவிடும். "8 பிட் ஸ்லாட்டில், 8088-இல் ஓடுமா" என்று விற்பவரிடம் கேட்காமல் காசு கொடுக்காதீர்கள்.

பழம்பெட்டி:
யூ33-இல் 5700671. இஜிஏ கார்டுக்கு மோனோ மானிட்டரும் ஒத்துவருமாமே?

டிப்சுவிட்ச்:
ஒத்துவரும், ஆனால் பயாஸ் மாற்றிய பிறகுதான். அப்போதும் கார்டின் டிப் சுவிட்சைத் தவறுதலாகக் கலரில் விட்டால் 5151-க்கு மேலே சொன்ன அதே கதிதான். இந்த பயாஸோடு இன்றே ஓடுவது ஹெர்குலிஸ்.

ராம்_ரோம்:
எல்சிடி ஆசை இருந்தால் பழைய வீடியோ சிக்னலை எச்டிஎம்ஐக்கு மாற்றும் ஆர்ஜிபி2எச்டிஎம்ஐ போர்டு பாருங்கள். டிடிஎல் (இந்தக் கார்டுகள் தரும் டிஜிட்டல் சிக்னல்) உள்ளீடு உள்ள வகையாக வாங்க வேண்டும். ராஸ்பெர்ரி பை ஜீரோ என்ற குட்டிக் கணினி அதன்மேல் உட்காரும். எம்டிஏ, சிஜிஏ, இஜிஏ மூன்றையும் எடுக்கும். அந்த மலிவு சிஜிஏவையும் அப்போது வாங்கலாம். எம்டிஏவுக்கு பி0000, சிஜிஏவுக்கு பி8000 என்று நினைவக முகவரிகள் வேறு என்பதால் இரண்டும் ஒரே பெட்டியில் இருக்கலாம். ஹெர்குலிஸை மட்டும் ஃபுல் மோடுக்குக் கொண்டுபோகாதீர்கள், அது பி8000-ஐயும் பிடித்துக்கொள்ளும்.