கேமராவை மாற்றுவதா, லென்ஸ் வாங்குவதா?

குழு: காவிரிக்கரை வீடு

நான்: சித்தப்பா, தீபாவளி போனஸ் வந்துவிட்டது. என் கேனான் 1500டி-யைக் கொடுத்துவிட்டு ஆர்10 வாங்கலாம் என்று இருக்கிறேன், கூடவே வருகிற 18-45 எம்எம் லென்ஸோடு. உங்களைக் கேட்காமல் பணம் கட்ட மனசு வரவில்லை.

சென்னை அண்ணன்: வாங்குவதுதான் வாங்குகிறாய், பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேமாக ஆர்8 வாங்கிவிடு. அப்புறம் இன்னொரு தடவை செலவு வைக்காது.

மன்னார்குடி சித்தப்பா: ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். கையில் இருக்கும் கேமரா எந்தப் படத்தை எடுக்கவிடாமல் தடுக்கிறது, அதை முதலில் சொல்லுப்பா.

நான்: மூன்று இடத்தில் சித்தப்பா. பாப்பா மேடையில் ஆடினால் கை கால் எல்லாம் கலங்கி விழுகிறது. வடுவூர் ஏரியில் பறவை எட்டவே மாட்டேன் என்கிறது, பறக்க ஆரம்பித்தால் ஃபோகஸ் பிடிப்பதில்லை. தாராசுரம் சிற்பங்கள் தட்டையாக இருக்கின்றன.

மன்னார்குடி சித்தப்பா: தாராசுரத்துக்கு ஒரு பைசா செலவழிக்காதே. உச்சி வெயிலில் போனால் எந்த லென்ஸிலும் கல் தட்டையாகத்தான் தெரியும். காலையிலோ மாலையிலோ வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது போ, அந்தத் தேர் மண்டபத்துச் சக்கரமும் குதிரையும் தானே எழுந்து நிற்கும். உன்னுடைய 18-55 லென்ஸில் கை நடுக்கத்தைத் தாங்கும் ஐஎஸ் இருக்கிறது, கல் அசையாது, அதனால் 1/30 நொடியிலும் கூர்மையாக வரும். டிரைபாடு தூக்கிக்கொண்டு போகாதே, தொல்லியல் துறை அனுமதி இல்லாமல் விட மாட்டார்கள்.

மாயவரம் அக்கா: பாப்பாவுக்குச் சிவராத்திரியில் நாட்டியாஞ்சலி இருக்கிறது சித்தப்பா. அதற்குள் ஏதாவது வழி சொல்லுங்கள், என் போனில் எடுத்தால் முகமே பூசினாற்போல் வருகிறது.

மன்னார்குடி சித்தப்பா: அதற்குத்தான் வருகிறேன்மா. ஆடுகிற பிள்ளைக்கு ஐஎஸ் உதவாது, அது நம் கை ஆட்டத்தைத்தான் நிறுத்தும், அவள் ஆட்டத்தை நிறுத்தாது. அங்கே தேவை வெளிச்சம். 18-55 லென்ஸ் 55-இல் எஃப் 5.6 வரைதான் திறக்கும், எஃப் எண் கூடக்கூட உள்ளே வரும் வெளிச்சம் குறையும். 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சம் உள்ளே விடும். 1/25 நொடியில் கலங்கிப் போன அதே படத்தை, ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறனைக் கூட்டாமலேயே 1/250-இல் எடுக்கலாம். தம்பி பார்த்து வைத்திருக்கிற 18-45 இருக்கிறதே, அது கடைசி முனையில் எஃப் 6.3. புதுக் கேமராவும் வாங்கி இப்போது இருப்பதைவிட இருட்டான லென்ஸையும் மாட்டிக்கொள்ள வேண்டுமா?

நான்: இதை நான் யோசிக்கவே இல்லை.

சென்னை அண்ணன்: ஃபுல் ஃபிரேமில் ஐஎஸ்ஓ ஏற்றினாலும் புள்ளி புள்ளியாக வராதே சித்தப்பா?

மன்னார்குடி சித்தப்பா: உண்மைதான், அந்த வித்தியாசம் இருக்கிறது. ஆனால் இவனிடம் இருப்பது சின்ன சென்சாருக்கென்று செய்த இஎஃப்-எஸ் லென்ஸ். ஆர்8-இல் மாட்டினால் கேமரா நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும், 24 மெகாபிக்சலில் 9 சொச்சம்தான் மிஞ்சும். முழுதாகப் பயன்படுத்த லென்ஸ் எல்லாம் புதிதாக வாங்க வேண்டும். அதோடு வடுவூருக்குச் சின்ன சென்சார்தான் இவனுக்கு லாபம். 250 எம்எம் போட்டால் ஃபுல் ஃபிரேமில் 400 போட்டது போன்ற கோணம் கிடைக்கும், 1.6 மடங்கு.

நான்: அப்படியென்றால் ஆர்10-உம் ஆர்எஃப் 100-400 லென்ஸும் வாங்கட்டுமா? 635 கிராம்தானாம், கழுத்து வலிக்காது.

மன்னார்குடி சித்தப்பா: நல்ல லென்ஸ்தான். ஆனால் 400-இல் எஃப் 8. மார்கழியில் வடுவூர் கரையில் ஏழு மணிக்குப் பனி மூட்டம் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும், அந்த நேரத்தில் எஃப் 8 ரொம்பத் திணறும். இன்னொன்று, ஆர்எஃப் லென்ஸ் ஆர்10, ஆர்8 போன்ற கேமராக்களுக்கானது, உன் 1500டி-இல் மாட்டவே மாட்டாது. இஎஃப், இஎஃப்-எஸ் லென்ஸ் என்றால் இப்போது இதில் மாட்டலாம், பிறகு ஆர்10 வாங்கினால் அடாப்டர் என்ற இணைப்பு வளையம் போட்டு அதிலும் மாட்டலாம். அடாப்டருக்குள் கண்ணாடி எதுவும் கிடையாது, படம் கெடாது, ஆட்டோ ஃபோகஸும் வேலை செய்யும்.

சென்னை அண்ணன்: சரி, பழைய கேமராவிலேயே பறக்கிற பறவை கிடைத்துவிடுமா?

மன்னார்குடி சித்தப்பா: கிடைக்காது என்றுதான் சொல்வேன். லென்ஸ்தான் எல்லாம், உடல் முக்கியமில்லை என்று சிலர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். 1500டி-இல் ஃபோகஸ் புள்ளி 9, நொடிக்கு 3 படம். ஆர்10 பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும், மெக்கானிக்கல் ஷட்டரிலேயே நொடிக்கு 15 படம். நாரைக் கூட்டம் எழும்பும் நேரத்தில் அது பெரிய வித்தியாசம். ஆனால் உட்கார்ந்திருக்கும் பாம்புத்தாரா, வயலில் நத்தை பொறுக்கும் நத்தைகுத்தி நாரை, மண்மேட்டில் நிற்கும் அரிவாள் மூக்கன், இவற்றுக்கு உன் கேமரா போதும், எட்டுகிற லென்ஸ்தான் இல்லை. அதனால் இந்த வருஷம் 50 எம்எம் புதிதாக வாங்கு, 55-250 எஸ்டிஎம் லென்ஸ் பழையது வாங்கு. மிச்சப் பணத்தை எடுத்து வை. இந்த சீசன் முழுக்க எடுத்துவிட்டு, பிடித்த படங்களை எல்லாம் திறந்து எத்தனை எம்எம்மில் எடுத்திருக்கிறாய் என்று பார். பெரும்பாலும் 250-இலேயே முட்டிக்கொண்டு நின்றால், பறக்கிற பறவைதான் தவறுகிறது என்றால், அடுத்த வருஷம் ஆர்10. 50-இலேயே மனசு நிற்கிறது என்றால் அந்தச் செலவே வேண்டாம்.

கும்பகோணம் அத்தை: பழையதா? ஏமாந்துவிடப் போகிறான். மழைக்காலத்தில் பீரோவில் வைத்த பட்டுப் புடவையே பூத்துப் போகிறது.

மன்னார்குடி சித்தப்பா: அத்தை சொல்வதைக் கவனி. நம் ஊர் ஈரத்துக்கு லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். வாங்கும்போது லென்ஸை முழுதாகத் திறந்துவைத்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் பார். சிலந்தி நூல் மாதிரி இழை தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். வீட்டில் கேமரா பையிலேயே மூடி வைக்காதே. காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், அதில் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

கும்பகோணம் அத்தை: அரிசி டின்னுக்குள் போட்டு வைத்தால் ஈரம் இழுத்துவிடுமே?

மன்னார்குடி சித்தப்பா: வேண்டாம் அத்தை, அரிசித் தூசி வளையத்து இடுக்கில் புகுந்துவிடும்.

சென்னை அண்ணன்: நான் ஆர்8 பேச்சை வாபஸ் வாங்குகிறேன். 50 எம்எம் என் கணக்கு, பாப்பா நாட்டியத்துக்கு.

மாயவரம் அக்கா: நன்றிடா.

நான்: சித்தப்பா, தஞ்சாவூரில் ஒருவர் 55-250 விற்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துக் கொடுப்பீர்களா?

மன்னார்குடி சித்தப்பா: வருகிறேன். உன் கேமராவை சார்ஜ் போட்டு எடுத்து வா, மாட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. முன்பணம் எதுவும் அனுப்பிவிடாதே.