ஏறுற சந்தையில ஷார்ட் அடிக்கலாமா (கையில இல்லாத பங்கை முதல்ல வித்து, அப்புறம் வாங்கலாமா)? இறங்கலேன்னா நாளைக்கு கவர் பண்ண (வாங்கிக் கணக்கை முடிக்க) முடியுமா?

கெடிலக்கரை (கடலூர்):
ஒரு மிட்கேப் (நடுத்தர அளவு கம்பெனி) பங்கு மூணு வாரமா ஏறிக்கிட்டே இருக்கு. நேத்து குளோசிங் 400, இப்போ 425. கம்பெனி லாபம் வளரல, விலை மட்டும் ஓடுது. எந்த குரூப்ல பார்த்தாலும் "வாங்கு வாங்கு"தான். இப்படி எல்லாரும் ஒரே பக்கம் சாஞ்சா இறங்கித்தானே ஆகணும்? 200 பங்கு இன்ட்ராடேல (ஒரே நாளுக்குள்ள முடிக்கிற வியாபாரம்) வித்துட்டு, இறங்கலேன்னா நாளைக்கு வாங்கிக் கொடுக்கலாமா? கையில பங்கு இல்ல. இதுக்கு ஃப்யூச்சர்ஸும் (பின்தேதிக்கு விலை பேசி வைக்கிற ஒப்பந்தம்) கிடையாது.

உப்பளம் (புதுச்சேரி):
"நாளைக்கு"ங்கிற பேச்சே கேஷ் மார்க்கெட்ல (பங்கையே வாங்கி விக்கிற சந்தை) இல்லைங்க சார். இன்னைக்கு வித்தா இன்னைக்கே வாங்கி முடிக்கணும். 3.15, 3.20 வாக்குல புரோக்கரே ஸ்கொயர் ஆஃப் பண்ண, அதாவது உங்க பேர்ல வாங்கிக் கணக்கை முடிக்கப் பார்ப்பார். ஆபத்து அங்கதான் இருக்கு. 10 சதவீத சர்க்யூட் (நேத்து குளோசிங்லேர்ந்து ஒரு நாள்ல விலை போகக்கூடிய எல்லை) இருக்கிற பங்குன்னா 440ல பூட்டிக்கும். அப்புறம் விக்க ஆளே இருக்காது, புரோக்கராலயும் வாங்க முடியாது.

பங்கை டெலிவரி கொடுக்க முடியலேன்னா எக்ஸ்சேஞ்ச் மறுநாள் ஏலத்துல வாங்கும். கடலூர் முதுநகர் மீன் ஏலம் மாதிரி, கேட்ட விலை கட்டலேன்னா திரும்பி வந்துடலாம்னு நினைக்காதீங்க. ஏலத்துலயும் பங்கு கிடைக்கலேன்னா க்ளோஸ்-அவுட், அதாவது பங்குக்குப் பதிலா பணமா கணக்கை முடிப்பாங்க. நீங்க வித்த நாள்லேர்ந்து ஏல நாள் வரை வந்த உச்ச விலை, இல்லேன்னா ஏல நாள் குளோசிங்குக்கு மேல 20 சதவீதம், இதுல எது அதிகமோ அது உங்க தலையில விழும்.

ஏல நாள் குளோசிங் 460ன்னு வைங்க. க்ளோஸ்-அவுட் 552. பங்குக்கு 127 வீதம் 200 பங்குக்கு 25,400 ரூபா போச்சு, கட்டணம் தனி. பங்கு 10 ரூபா இறங்கியிருந்தா கிடைச்சிருக்கிறது வெறும் 2,000.

கெடிலக்கரை:
435ல ஸ்டாப் லாஸ் (விலை அங்க வந்தா தானா வாங்கப் போற ஆர்டர்) போட்டா தப்பிக்கலாம்தானே?

உப்பளம்:
ட்ரிக்கர் ஆகும். ஆனா நீங்க வாங்க ஒருத்தர் விக்கணுமே. 435லேர்ந்து 440க்கு ஒரே தாவலா தாவினா உங்க ஆர்டர் வாங்குறவங்க வரிசையில கடைசியில நிக்கும். 2009 மே 18, தேர்தல் முடிவுக்கு அடுத்த திங்கட்கிழமை, சந்தையே அப்பர் சர்க்யூட்ல பூட்டிக்கிச்சு. சென்செக்ஸ் 2,110 புள்ளி, 17 சதவீதத்துக்கு மேல ஏறுச்சு. அன்னைக்கு ஷார்ட்ல இருந்தவங்களுக்கு ஸ்டாப் லாஸ் எந்த உதவியும் செய்யல.

முத்தியால்பேட்டை:
கேள்வியில இருக்கிற இன்னொரு நினைப்பையும் திருத்திக்கணும். குரூப்ல எல்லாரும் "வாங்கு"ன்னு சொல்றதால எல்லாரும் லாங்ல (வாங்கி வச்சு) இருக்காங்கன்னு அர்த்தமில்ல. பணம் எந்தப் பக்கம் நிக்குதுன்னு பாருங்க. தினமும் சாயங்காலம் என்எஸ்இ போடுற ஓப்பன் இன்ட்ரஸ்ட் (இன்னும் முடிக்காம நிக்கிற ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன் ஒப்பந்தங்கள்) கணக்குல எஃப்ஐஐ (வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள்), ப்ரோ (புரோக்கர்களோட சொந்தக் கணக்கு), க்ளையன்ட் (மத்த வாடிக்கையாளர்கள்) பொசிஷன் தனித்தனியா இருக்கும். இண்டெக்ஸ் (நிஃப்டி மாதிரி குறியீடு) ஃப்யூச்சர்ஸ்ல எஃப்ஐஐ ஷார்ட் குவிஞ்சிருக்கும்போது சந்தை ஏறினா, அவங்க கவர் பண்றதே புது வாங்குதலா மாறி இன்னும் மேல தள்ளும். விலை ஏறி ஓப்பன் இன்ட்ரஸ்ட் குறைஞ்சா அது ஷார்ட் கவரிங். அந்த ஓட்டத்துக்கு எதிர்ல நிக்கவே கூடாது. கவரிங் ஓஞ்சு, புது லாங்கும் சேராம விலை தேங்குற வரைக்கும் பொறுங்க.

விக்ஸ் (சந்தை எவ்வளவு ஆடும்ங்கிற எதிர்பார்ப்பைக் காட்டுற குறியீடு) குறைவா இருந்தா உடனே இறங்கும்னு அர்த்தமில்ல. புட் (விலை இறங்கினா காசு தர்ற ஆப்ஷன்) பிரீமியம் (அதை வாங்கக் கட்டுற விலை) மலிவுன்னு மட்டும் எடுத்துக்குங்க.

சந்தை மேலதான் உங்க சந்தேகம்னா நிஃப்டி புட் ஸ்ப்ரெட் போதும். உதாரணக் கணக்கு: நிஃப்டி 25,000ல இருக்கும்போது 25,000 புட்டை 180க்கு வாங்கி, 24,700 புட்டை 80க்கு விக்கிறீங்க. போட்டது 100 புள்ளி, லாட் (ஒரு ஒப்பந்தத்தோட அளவு) 65ன்னா 6,500 ரூபா. எவ்வளவு ஏறினாலும் நஷ்டம் அதுக்கு மேல போகாது. எக்ஸ்பைரில (ஒப்பந்தம் முடியிற நாள்ல) 24,900க்குக் கீழ முடிஞ்சாத்தான் லாபம். முதல்ல வாங்குங்க, அப்புறம் வில்லுங்க, மார்ஜின் (புரோக்கர்கிட்ட கட்டி வைக்கிற பணம்) குறையும். வெளிய வரும்போது வித்த புட்டை முதல்ல கவர் பண்ணுங்க.

ஆனா இந்த ஒரு பங்கு மட்டும் சரிஞ்சா நிஃப்டி புட் காசு தராது. ஃப்யூச்சர்ஸ் இல்லாத, சர்க்யூட் இருக்கிற பங்கை விட்டுடுங்க தம்பி.