இரண்டு பீரியட்ஸுக்கு நடுவில் ரத்தம்: உங்களுக்கு என்ன காரணம் சொன்னார்கள்?

கோவை, 41 வயது

எனக்கு மாதவிடாய் தேதி தவறாது. ஆனாலும் நடுவில், அதுவும் கணவரோடு சேர்ந்த மறுநாள் காலையில், பொட்டுப் பொட்டாகப் பட ஆரம்பித்தது. வலி இல்லை. "உடம்புச் சூடு, வெந்தயம் ஊறவைத்துக் குடி" என்றார் மாமியார். குடித்தேன், நிற்கவில்லை.

டாக்டரம்மா முதலில் கேட்டதே, "உறவுக்கு அப்புறம் படுகிறதா?" என்றுதான். நானாகச் சொல்லியிருக்க மாட்டேன். ஸ்பெகுலம் (பிறப்புறுப்பை விரித்துப் பார்க்கும் கருவி) வைத்துப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, கர்ப்பப்பை வாயில் பாலிப் என்கிற சதை வளர்ச்சி. சுண்டைக்காய் அளவில் காம்போடு தொங்கியதாம். மயக்க மருந்தெல்லாம் இல்லாமல் அங்கேயே இடுக்கியால் பிடித்துத் திருகி எடுத்தார். அடிவயிற்றில் சுருக்கென்று ஒரு பிடிப்பு, அவ்வளவுதான். பாலிப் பெரும்பாலும் சாதாரணக் கட்டிதான் என்றாலும் பயாப்ஸிக்கு அனுப்பினார், கர்ப்பப்பை வாய்ச் செல்களைச் சோதிக்கும் பாப் ஸ்மியரும் எடுத்தார். இரண்டும் நார்மல்.

கிருமித் தொற்று, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இரண்டுமே இதே மாதிரி காட்டுமாம். ஸ்கேன் மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பினால் வாய்ப்பகுதியில் இருப்பது தவறிப்போகலாம் என்றார். நேரில் பார்க்க விடுங்கள், கூச்சம் ஒரு நிமிஷம்தான்.

திருநெல்வேலி

எங்கள் வீட்டில் மாத்திரைக் கதை. கோயில் கொடைக்காக, பீரியட்ஸைத் தள்ளிப்போடும் நோரெத்திஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரையை நாத்தனார் மெடிக்கலில் வாங்கிப் போட்டார். நடுவில் ஒரு வேளை விட்டுப்போனது, கொடையன்றே பட்டுவிட்டது. ஹார்மோன் அளவு இறங்கினால் கர்ப்பப்பையின் உள்தோல் கொஞ்சம் உதிரும், கருத்தடை மாத்திரையை மறந்தாலும் இதேதான் என்று டாக்டர் சொன்னார். காலில் ரத்தம் உறைந்த பிரச்சினை இருந்தவர்கள் இந்த மாத்திரையைத் தொடவே கூடாதாம். மெடிக்கலில் யார் அதைக் கேட்கிறார்கள்?

ஈரோடு, ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்

இப்படி யார் வந்தாலும் முதலில் கர்ப்பம் இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம். "வாய்ப்பே இல்லை சிஸ்டர்" என்பவர்களுக்கும் சேர்த்துத்தான். ரத்தத்தோடு ஒரு பக்க வயிற்று வலி, தலைசுற்றல், தோள்பட்டை வலி இருந்தால் கரு குழாயில் தங்கியிருக்கலாம்; அது அவசர கேஸ், 108-ஐக் கூப்பிடுங்கள். காப்பர்-டி போட்ட முதல் சில மாதங்கள் லேசாகப் படுவது வழக்கம்.

30 வயதுக்கு மேல் எங்களிடம் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை இலவசம். அசிட்டிக் அமிலம் தடவி ஒரு நிமிஷம் காத்திருந்து பார்ப்போம், வெள்ளைத் திட்டு தெரிந்தால் மேல்பரிசோதனைக்கு அனுப்புவோம். ஆனால் அது தொந்தரவு இல்லாதவர்களுக்கான சோதனை. ஏற்கெனவே ரத்தம் படுகிறவர்கள் நேராக டாக்டரைப் பாருங்கள். மாதவிடாய் நின்று ஒரு வருஷம் கழித்து ஒரு சொட்டு பட்டாலும் அப்படித்தான்.

சென்னை, 27 வயது

எனக்கு எப்போதும் மாத நடுவில்தான், ஒரு நாள் பட்டு நின்றுவிடும். தினசரி காலண்டரில் பட்ட நாளையெல்லாம் சுழித்து வைத்து, அந்தத் தாள்களையே டாக்டரிடம் நீட்டினேன். முட்டை வெளியாகும் நேரம் என்று அதைப் பார்த்தே சொன்னார். தைராய்டு டெஸ்ட்டும் எழுதினார், ரிசல்ட் இன்னும் வரவில்லை.