லட்சுமிகாந்தன் கொலை வழக்கு: பழைய பத்திரிகைகள் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். மயிலாடுதுறை, கும்பகோணம், திருவாரூர் பக்கத்து நண்பர்களிடம் ஓர் உதவி.

மாயவரத்தில் பிறந்த நடிகர், பாடகர் எம்.கே. தியாகராஜ பாகவதரைப் பற்றி நிறையப் படித்துவிட்டேன். இப்போது சி.என். லட்சுமிகாந்தனின் வாழ்க்கையைப் பற்றித் தேடுகிறேன். போலி ஆவண வழக்கில் சிறை சென்றவர். பிறகு நடிகர்களின் அந்தரங்கத்தை எழுதும் பத்திரிகை நடத்தினார். 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். இந்தக் கொலை வழக்கில் பாகவதருக்கும் நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. வழக்கு அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947இல் இருவரும் விடுதலையானார்கள். பாகவதர் நடித்த ‘ஹரிதாஸ்’ படம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அதன் நாயகன் சிறையில் இருந்தார்!

கிடைக்கிற புத்தகங்களில் பெரும்பாலானவை பாகவதரின் துயரத்தோடு நின்றுவிடுகின்றன. கொல்லப்பட்டவரும் ஒரு மனிதர்தானே, அவர் எப்படி அப்படி ஆனார் என்று யாரும் நிதானமாகக் கேட்பதில்லை. குற்றவாளியின் வாழ்க்கையை எழுதுபவருக்கு அந்தப் பொறுமை அவசியம் என்று நம்புகிறேன். உ.வே.சா. தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வாழ்க்கையை இரண்டு பாகமாக எழுதினாரே, அந்த அளவு அக்கறை இதற்கும் வேண்டும்.

எனக்குத் தேவை 1944 முதல் 1947 வரையான தமிழ்ப் பத்திரிகைகள், குறிப்பாக விசாரணைச் செய்திகள். லட்சுமிகாந்தன் நடத்திய ‘இந்து நேசன்’ ஒரு இதழ் கிடைத்தாலும் பெரிய விஷயம். தாத்தா காலத்து பைண்டு வால்யூம்கள் பரணில் இருந்தால் தயவுசெய்து பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள். இரவல்கூட வேண்டாம், உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறேன். அப்புறம், கும்பகோணம் கோபால்ராவ் நூலகத்தில் இந்த ஆண்டுகளின் தொகுப்பைப் பார்த்தவர்கள் இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.